அக்காவுக்கு விட்ட இடைவெளி

எனக்குப் பயம் வந்தா வாய் கூடும். அக்காவுக்குப் பயம் வந்தா சத்தமே வராது. சண்டைக் காலத்தில நாங்கள் ரெண்டு பேரும் வெள்ளவத்தையில, கடலுக்கு இறங்கிற ஒரு ஒழுங்கையில, ஒரு வீட்டின்ர பின்பக்க அறையில வாடகைக்கு இருந்தனாங்கள். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில. பாதை பூட்டினா அவையின்ர கடிதமும் வராது. காலமை ரெண்டு பேரும் பட்டணத்து நடுவில இருக்கிற கோட்டைப் பகுதிக்கு வேலைக்கு வெளிக்கிடுவம். பஸ் தரிப்பு மட்டும் நான் விடாமல் புறுபுறுத்துக்கொண்டு வருவன். மழைக்கு ஏச்சு, வீட்டுக்காரிக்கு ஏச்சு, ரெண்டு பக்கத்துத் துவக்குக்காரருக்கும் ஏச்சு. அக்கா பேசாமல் நடப்பா. பாக்கிற சனம் என்னைத் துணிஞ்சவள் எண்டும் அவவைப் பாவம் எண்டும் நினைச்சிருக்கும். நல்ல கதை! பயந்தாங்கொள்ளி நான்தான்.

அக்காவுக்குச் சின்னனில இளம்பிள்ளை வாதம் வந்து வலக்கால் சூம்பிப்போச்சு. கணுக்காலில இருந்து தொடை மட்டும் ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முழங்காலடியில ஒரு பூட்டு, கீழ பாரமான ஒரு சப்பாத்து. பூட்டைப் போட்டாத்தான் கால் மடியாமல் நிக்கும். இடக் கக்கத்துக்க ஊண்டுகோல். எந்த வெயிலெண்டாலும் சீலைதான் உடுப்பா, அதுவும் நிலத்தைக் கூட்டிற மாதிரி. அந்தக் காலை வீட்டாக்களும் டொக்டரும் தவிர வேற ஒருத்தரும் கண்டதில்லை.

வேலை, ஒரு பழைய கப்பல் கொம்பனியின்ர கந்தோரில ரெலிபோன் ஒப்பறேற்றர். அந்த வேலையில அக்காவுக்கு இருந்த பெருமையை என்னெண்டு சொல்ல! தமிழ், சிங்களம், இங்கிலிஷ், மூண்டிலயும் ஆளைப் பாத்து, இல்லை, குரலைப் பாத்துக் கதைப்பா. எத்தினையோ பேர் "உங்களை ஒருக்காப் பாக்கவேணும் மிஸ்" எண்டு கேட்டவை. அக்கா சிரிச்சுப்போட்டு லைனை உள்ளுக்குக் குடுத்திடுவா. ரெலிபோனில அவவுக்கு ரெண்டு காலும் இருந்தது. அந்தக் கதிரையை மட்டும் விடக்கூடாது எண்டதுதான் அவட ஒரே பிடிவாதம். எனக்கு அதே றோட்டில, கொஞ்சம் தள்ளி, ஒரு காப்புறுதிக் கந்தோரில ரைப்பிங் வேலை.

முந்தியெண்டா கோட்டை அக்காவுக்கு எண்டே கட்டின இடம் மாதிரி. பஸ் கந்தோர் வாசலிலயே இறக்கிவிடும். கட்டடங்கள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தவை. முன்னுக்கு அகலமான விறாந்தை, கட்டிப்பிடிக்க ஏலாத மொத்தத்தில வரிசையாத் தூண்கள். ஒரு கட்டடத்து விறாந்தை முடிய அடுத்த கட்டடத்து விறாந்தை துவங்கும். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அக்கா வலக்கையால தூணைத் தொட்டுத் தொட்டு நடந்து போவா. கந்தோர் வாசலில படி இல்லை. பெட்டிகளை உருட்டி ஏத்திறதுக்கு அந்தக் காலத்தில கட்டின ஒரு கல்லுச் சாய்வு. "பார், எனக்கு எண்டு கணக்குப் பாத்துக் கட்டியிருக்கிறாங்கள்" எண்டு அக்கா பகிடி விடுவா.

பிறகு கோட்டையில குண்டு வெடிச்சுது. எத்தினை பேர் செத்தவை, ஆர் ஆற்ற பிள்ளை, அந்தக் கதையை நான் இங்க எடுக்கேல்லை. ஒண்டு மட்டும் சொல்லவேணும். குண்டு ஐசி கேட்கிறேல்லை. ஐசி எண்டா அடையாள அட்டை, அது இல்லாமல் ஒரு தமிழ் ஆள் வாசலுக்கும் போகேலாத காலம். எங்களோட ஒரே பஸ்ஸில வாறவை, எங்கட பக்கத்துக் கதிரையில இருந்து ரைப் அடிச்சவை, எல்லாரும் அதில போனவைதான். குண்டு வந்தது லொறியில, அதால ஓரமா நிக்கிற லொறியைக் கண்டா நான் இண்டைக்கும் மற்றப் பக்கத்துக்கு மாறித்தான் நடப்பன். அதால, றோட்டுக்குக் காவல் போட்டதை நான் பிழை எண்டு சொல்லமாட்டன். ஆனா அந்தக் காவல் ஆரைக் காக்குது, ஆரை மறிக்குது எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் விசர் வரும்.

எங்கட றோட்டுக்குப் பஸ் வாறது நிண்டுபோச்சு. ரெயில்வே ஸ்ரேசன் பக்கம் இறங்கி அங்கயிருந்து நடக்கவேணும். விறாந்தையள் எல்லாம் தகரமும் மண்மூட்டையும் அடிச்சுப் பூட்டியாச்சு. தூணுக்குப் பக்கத்தில போகேலாது. கொதிக்கிற றோட்டில நடக்கவேணும். றோட்டின்ர வாயில தார்ப் பீப்பாய்களுக்குள்ள மண்ணை நிரப்பி, இந்தப் பக்கம் ஒண்டு அந்தப் பக்கம் ஒண்டு எண்டு வைச்சு, பாம்பு போற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போறதுக்கு ஒரு ஒடுக்கமான பாதை விட்டிருந்தவை. அது முடியிற இடத்தில பெண்களைச் சோதிக்கிறதுக்கு ஒரு சின்னக் கொட்டில், வாசலில சீலைத்துணி தொங்கும். அதுக்குள்ள பொலிஸ் நோனா எண்டு நாங்கள் சொல்லுற பொம்பிளைப் பொலிஸ் இருப்பா.

எங்கட ஆக்களுக்கு எண்டு ஒரு பழக்கம் அப்ப வந்து ஒட்டிக்கொண்டுது. பஸ்ஸில தமிழ் கதைக்கிறேல்லை. பொட்டை எடுத்துக் கைப்பைக்குள்ள இருக்கிற கண்ணாடியில ஒட்டிப்போடுவம், கந்தோருக்குள்ள போய்த் திரும்ப எடுத்து வைப்பம். அதை விடப் பெரிய பழக்கம், ஆர் மறிச்சாலும் கை தானா ஐசிக்குப் போறது. கேட்கமுதல் நீட்டினா முகம் கொஞ்சம் இளகும், தேடிக்கொண்டு நிண்டா சந்தேகம் வரும். அதால கை பழகிப்போச்சு. எங்கட ஒழுங்கையில இருந்த வாத்தியார் ஒருத்தர், பஸ்ஸில கொண்டக்டர் வந்து தோளில தட்டி ரிக்கற் கேட்க, ஐசியை எடுத்து நீட்டினவர். பஸ்ஸே சிரிச்சதாம். அவர் வந்து சொல்லேக்க நாங்களும் வயிறு நோகச் சிரிச்சம். சிரிச்சு முடிய அவர் முகத்தைத் துடைச்சார். எங்களுக்கும் பிறகு சிரிப்பு வரேல்லை.

அக்கா ஐசியைச் சட்டைக்குள்ள, நெஞ்சோட சேத்து வைப்பா. ஒரு கையில ஊண்டுகோல், மற்றக் கையால கைப்பையைத் திறந்து துழாவ ஏலாது தானே. நெஞ்சுக்க எண்டா வலக்கை டக்கெண்டு போய் எடுத்திடும்.

அந்தப் பீப்பாய்ப் பாதைக்குள்ள அக்காவுக்கு லேசில நடக்க ஏலாது. காலை மடிக்க ஏலாதவை வளைவில திரும்பிறது எண்டா, ஊண்டுகோலை முதல் நட்டு, உடம்பைச் சுழட்டி, இரும்புக் காலை இழுத்துப் போடவேணும். பீப்பாயில கால் இடிச்சு இரும்புச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஆமிக்காரர் எல்லாரும் திரும்பிப் பாப்பினம். பின்னுக்கு நிக்கிற சனம், "என்ன இது, நேரம் போகுது" எண்டு முணுமுணுக்கும். அக்கா வியர்த்து விறுவிறுத்து வெளிய வரேக்க சீலையெல்லாம் தார். ரெண்டு மூண்டு தரம் பிந்திப் போனதுக்குக் கந்தோரில பெரியவர் கூப்பிட்டுக் கதைச்சவர். நல்ல மனிசன்தான், ஏசேல்லை. "நிலைமை சரிவரும் மட்டும் வீட்டில இருந்து பாரும், வேற ஆளைப் போட்டுச் சமாளிப்பம்" எண்டார். அண்டைக்கு அக்கா இரவுச் சாப்பாடு சாப்பிடேல்லை. "வேற ஆளைப் போட்டா பிறகு அந்தக் கதிரையில எனக்கு எங்கயடி இடம்?" எண்டு ஒருக்காத்தான் கேட்டா.

அப்பத்தான் ஒரு ஆமிக்காரன் வந்து பீப்பாய்க்குக் காவல் நிண்டான். அக்கா வளைவுக்குள்ள மாட்டி நிக்கிறதைக் கொஞ்ச நாள் பாத்துக்கொண்டு நிண்டவன், ஒருநாள் துவக்கை முதுகில போட்டுக்கொண்டு வந்து, ஓரத்துப் பீப்பாயைச் சரிச்சு உருட்டி, சுவரோரமா ஒரு ஆள் போற அளவுக்கு இடைவெளி விட்டான். "மெஹென் யன்ன, அக்கே" எண்டான். இதால போங்கோ அக்கா எண்டு அர்த்தம். நேரா ஒரு வழி. வளைவு இல்லை, சுவரில கையை ஊண்டிக்கொண்டு கொட்டில் மட்டும் போகலாம். அடுத்த நாளும் விட்டான். அதுக்கு அடுத்த நாளும். ஒருநாள் தானாவே சொன்னான், தன்ர தம்பிக்கும் ஒரு கால் இல்லையாம், வடக்கில கண்ணிவெடியில போச்சுதாம். எங்கட ஊர்ப் பக்கத்தில கண்ணிவெடியில காலைக் குடுத்தவன்ர அண்ணன் எங்களுக்கு வழி விடுறான். அக்கா "ஐயோ பாவம்" எண்டா. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

அந்த வழி எனக்குத் துண்டறப் பிடிக்கேல்லை. அது அக்காவுக்கு மட்டும் விட்டது. நான் மற்றச் சனத்தோட வளைஞ்சு வளைஞ்சுதான் போகவேணும். நான் பீப்பாய்க்குள்ள சிக்கி நிக்கிற நேரம் அக்கா தனிய, ஒருத்தரும் போகக்கூடாத பக்கத்தால போய்க்கொண்டிருப்பா. அந்தக் கொஞ்ச நேரமும் எட்டி எட்டி அவட தலையைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன்.

"அவன் ஒருத்தன் விட்ட வழி அக்கா. சட்டம் இல்லை. நாளைக்கு அவனை மாத்திப்போட்டு வேற ஒருத்தனைப் போட்டா?" எண்டு வீட்டில வந்து சண்டை பிடிச்சன்.

"மாத்தேக்க பாப்பம்."

"பாக்கிறதுக்கு ஆள் இருக்கவேணுமே!"

"எடி, இந்தக் கோட்டையில எனக்கெண்டு திறந்து கிடக்கிறது அது ஒண்டுதான். அதையும் நீ பூட்டாதை" எண்டா அக்கா.

அவனை மாத்தின அண்டைக்குக் காலமை பஸ்ஸிலயே ஏதோ மாதிரி இருந்தது. முதல் நாள் பின்னேரம் புறக்கோட்டைப் பக்கம் ஒரு லொறியைத் தேடுறாங்கள் எண்டு கதை அடிபட்டது. றோட்டில வழமையை விட ஆமி கூட. ஆற்ற முகமும் பழக்கமில்லை. பீப்பாய்க்கு முன்னால வந்து வழமை மாதிரிப் பிரிஞ்சம், நான் வரிசைக்கு, அக்கா சுவரோரத்துக்கு. பீப்பாய் முதல் நாள் உருட்டின இடத்திலயே கிடந்தது. இடைவெளியும் அப்பிடியே இருந்தது. அதுக்கு அங்கால நிண்டவன்தான் வேற ஆள்.

நான் அதை வரிசையில நிண்டு கண்டன். அக்கா காணேல்லை. அவ எப்பவும் நிலத்தைப் பாத்துத்தான் நடப்பா, கல்லில ஊண்டுகோல் வழுக்கக்கூடாது எண்டு. கூப்பிட வாயெடுத்தன். எந்தப் பாஷையில கூப்பிட? தமிழில சத்தம் போட்டா அந்த இடத்தில எல்லாத் துவக்கும் திரும்பும். அதுக்குள்ள அவ இடைவெளிக்குள்ள பூந்திட்டா.

"நவதின்ன!" எண்டான். நில்லெண்டு.

அக்கா நிண்டா. சிங்களம் அவவுக்கு நல்லா விளங்கும். பிழை அங்க நடக்கேல்லை. நில்லெண்டு சொன்ன உடன வலக்கை தன்ர பாட்டுக்குச் சட்டைக்குள்ள போச்சு, ஐசியை எடுக்க. நாங்கள் எல்லாரும் பழக்கி வைச்சிருந்த கை அது. அவன் கண்டது, ஒரு மனிசி சட்டைக்குள்ள கையை விடுறாள், சீலைக் கரை உயர்ந்த இடத்தில இரும்பு தெரியுது. அவ்வளவுதான் அவன் கண்டது.

"அத் உஸ்ஸன்ன! அத் உஸ்ஸன்ன!" கையைத் தூக்கு, கையைத் தூக்கு எண்டு கத்தினான். துவக்கை இழுத்து ஆயத்தப்படுத்தின சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவைக்குத் தெரியும், அதுக்குப் பிறகு காது ஒண்டையும் கேட்காது. அக்காவின்ர கை நெஞ்சுக்குள்ளயே நிண்டுது. எடுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை.

நான் கத்தினன். தமிழிலதான் கத்தினன். "அக்கா! கையை எடுங்கோ! ரெண்டு கையையும் தூக்குங்கோ! ஐயோ, தூக்குங்கோ அக்கா!" அந்த றோட்டில, குண்டு வெடிச்ச நாள் துவங்கி நான் வாய் திறந்து தமிழ் கதைச்சது அதுதான் முதல் தரம். வரிசையில நிண்ட சனம் என்னைத் தனிய விட்டிட்டு ஒதுங்கிச்சு. ரெண்டு துவக்கு என்ர பக்கம் திரும்பிச்சு. என்ர கையள் எப்ப மேல போச்சுதெண்டு எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு என்ர குரல் கேட்டது. ரெண்டு கையையும் தூக்கினா. ஊண்டுகோல் விழுந்தது, அதோட அவவும் விழுந்தா. வெட்டின மரம் மாதிரி, கையை நிலத்தில ஊண்டாமல், தூக்கின கை தூக்கினபடி விழுந்தா. ஊண்டினா அதையும் பிழையா நினைப்பான் எண்டு பயமாம், பிறகு சொன்னா. முகம் கல்லில அடிச்சு உதடு வெடிச்சுப்போச்சு.

விழுந்ததில சீலை விலகி இரும்பு வடிவா வெளிய தெரிஞ்சுது. அதைக் கண்டு இன்னும் மோசமாப் போச்சு. கம்பி, பூட்டு, வார். குண்டு கட்டியிருக்கிறாள் எண்டு ஒருத்தன் கத்த, எல்லாரும் பின்னுக்கு ஓடினாங்கள். அந்தச் சுவரோரத்தில அக்கா மட்டும் கிடந்தா. நான் கையைத் தூக்கினபடி எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில "மகே அக்கா! யகட கக்குல! யகட கக்குல!" எண்டு அழுதுகொண்டு நிண்டன். என்ர அக்கா, இரும்புக் கால். அக்கா எண்ட சொல் அவங்களுக்கும் எங்களுக்கும் ஒண்டுதானே, அதாவது விளங்காதோ எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னன்.

கடைசியில கொட்டிலுக்குள்ள இருந்து பொலிஸ் நோனாவை அனுப்பினாங்கள். அவவும் புதுசு. கிட்டப் போய்க் குந்தி, சீலையைத் தொடை மட்டும் உயர்த்தி, ஒவ்வொரு வாரா அவிட்டா. ஒவ்வொரு தரமும் முகத்தை அங்கால திருப்பிக்கொண்டுதான் வாரை இழுத்தா. வெடிச்சா முதல் சாகிறது அவதானே. துவக்கு வைச்சிருந்தவன்ர முகம் வெளிறிப்போய்க் கிடந்தது. அந்த இடத்தில பயப்பிடாத ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. ஆனா கால் எங்கட அக்காவின்ர கால். வாழ்நாள் முழுக்க மூடி வைச்சிருந்த காலை வெட்டவெளியில, ஒரு றோட்டுச் சனம் பாத்துக்கொண்டு நிக்க, வெறுமையா வெயிலில போட்டிருந்தது. அக்கா ரெண்டு கையையும் தலைக்கு மேல நீட்டிக்கொண்டு, கன்னத்தைக் கல்லில வைச்சுக்கொண்டு கிடந்தா. எனக்கு அந்த நேரம் வந்த ஆத்திரத்தில எல்லாரையும் கடிச்சுக் குதறலாம் போல இருந்தது. கையைக் கீழ விடப் பயத்தில அப்பிடியே நிண்டன்.

பிறகு எங்களை ரெண்டு பேரையும் காவல் அறைக்குள்ள கொண்டுபோய் வாங்கில இருத்தினாங்கள். இரும்புக்காலைக் கழட்டி மேசையில வைச்சிருந்தது. அதிகாரி ஒருத்தர் ஐசியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். எங்க வேலை எண்டு கேட்டார். அக்கா கந்தோர் பேரும் ரெலிபோன் நம்பரும் சொன்னா. உதடு வீங்கியிருந்தாலும் குரல் அதே ஒப்பறேற்றர் குரல்தான். அவர் நம்பரைச் சுழட்டினார். மணி அடிக்குது, அடிக்குது, ஒருத்தரும் எடுக்கேல்லை. திரும்பச் சுழட்டினார். எடுக்கேல்லை. அக்காவைப் பாத்த பார்வை மாறிச்சு. அப்பிடி ஒரு கந்தோரே இல்லைப் போல, ஒரு மனிசரும் எடுக்கினமில்லையே எண்டார்.

"சேர், அதை எடுக்கிற ஆள் நான்தான்" எண்டா அக்கா.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்தது. அவர் நம்பேல்லை. இன்னும் ஒருக்காச் சுழட்டினார். கனநேரம் அடிச்ச பிறகு ஆரோ எடுத்தினம், கந்தோர்ப் பியோனாம். "ஒப்பறேற்றர் மிஸ் இன்னும் வரேல்லை சேர், கால் ஏலாதவ, றோட்டில மறிச்சுப்போட்டாங்களோ தெரியாது" எண்டு அந்த மனிசன் சொன்னது எங்களுக்கே கேட்டது. அதிகாரி ரிசீவரை வைச்சார். இரும்புக்காலை எடுத்துத் தரச்சொல்லிக் கையால காட்டினார். மன்னிப்பும் கேட்கேல்லை, ஏசவும் இல்லை. அடுத்த நாள் அந்த இடைவெளியில சீமெந்துக் கட்டை ஒண்டு வைச்சிருந்ததாம்.

பெரியவர் திரும்பவும் வீட்டில நிக்கச் சொன்னார். நானும் காலில விழாத குறையாக் கெஞ்சினன். "என்ர உழைப்பு ரெண்டு பேருக்கும் காணும் அக்கா. நீங்கள் போய்ச் செத்தா நான் அம்மாவுக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது?" அக்கா உதட்டுக் காயம் காயும் மட்டும் வீட்டில நிண்டா. பிறகு ஒரு பின்னேரம், "நீ ஆமிக்காரன் மாதிரிக் கத்து" எண்டா.

"என்ன விசரே?"

"பூட்டைப் போட்டுக்கொண்டு, ஊண்டுகோலை விட்டாலும் கொஞ்ச நேரம் என்னால நிக்க ஏலும். பழகினாச் சரி. கை இனி ஐசிக்குப் போகப்படாது. மேலதான் போகவேணும். நீ கத்து, நான் தூக்கிறன்."

கட்டிலுக்கு முன்னால நிண்டா, விழுந்தா மெத்தையில விழலாம் எண்டு. நான் கதவையும் யன்னலையும் பூட்டினன். வெள்ளவத்தையில ஒரு தமிழ் வீட்டுக்குள்ள "கையைத் தூக்கு" எண்டு சிங்களத்தில சத்தம் கேட்டா, ஒழுங்கையே கட்டிலுக்குக் கீழ பூந்திடும். அதால மெள்ள "நவதின்ன" எண்டன்.

"இப்பிடிக் கெஞ்சினா ஆமிக்காரன் எண்டு ஆர் நம்புவினம்? அதட்டடி!"

அதட்டினன். கை நெஞ்சுக்குப் போச்சு. திரும்ப அதட்டினன். திரும்பவும் நெஞ்சுக்குத்தான் போச்சு. எத்தினை பின்னேரம் அப்பிடி நிண்டமோ. நான் அழ, அவ "அழாமல் கத்து" எண்டுவா. விழுவா, எழும்புவா. மெள்ள மெள்ளக் கை மாறிச்சு. ஊண்டுகோல் விழும், ரெண்டு கையும் மேல போகும், அக்கா கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு தனிய நிப்பா. பிறகு ஒருநாள், "தமிழிலயும் சொல்லு" எண்டா. "அண்டைக்கு எனக்குக் கேட்டது உன்ர தமிழ்தான். மற்றதெல்லாம் வெறும் சத்தம். நில்லுங்கோ எண்டும் சொல்லிப் பழக்கு." அதையும் பழக்கினன். கடைசியில நான் எந்தப் பாஷையில சொன்னாலும் வாய் மூடமுதல் கை மேல நிக்கும். அக்காவுக்கு ஒரே புளுகம், சரியான சந்தோஷம். அடுத்த திங்கள் சீலையை உடுத்திக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டிட்டா. வளைஞ்ச பாதையாலதான் போனா, பிந்தினாலும் போனா. பெரியவர் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. கதிரை அவவிட்டயே இருந்தது.

அப்பிடியே வருசங்கள் போச்சு. பிறகு சமாதானம் எண்டு ஒரு கதை வந்து, கொஞ்சக் காலம் சண்டை நிண்டு, கோட்டை றோட்டுகளைத் திறந்தாங்கள். அது நிலைக்காது எண்டு அப்ப ஆருக்குத் தெரியும்? பீப்பாயளைக் கிரேன் வைச்சுத் தூக்கினதைப் பாக்கச் சனம் கூடி நிண்டதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்களும் வெளிக்கிட்டம், வேலைக்கு இல்லாமல், சும்மா பாக்க. வீட்டுக்காரியிட்ட ஒரு கமரா இரவல் வாங்கியிருந்தன். முந்தி அந்த றோட்டில கமராவோட பிடிபட்டா என்ன கெதி எண்டு நினைச்சு அதைத் துவாயில சுத்தித்தான் கொண்டு போனன்.

ஒருத்தரும் மறிக்கேல்லை. கைப்பையைத் திறக்கச் சொல்லேல்லை. விறாந்தைத் தகரம் எல்லாம் கழட்டி, தூணுகளுக்கு வெள்ளை அடிச்சிருந்தது. பிள்ளையள் ஓடித் திரிஞ்சுதுகள், சனம் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நடந்துது. அக்கா பொட்டோட வந்தவ. முதல் தூணை வலக்கையால தொட்டுப் பாத்தா. பிறகு அடுத்தது, அதுக்கு அடுத்தது. கந்தோர் வாசலில சாய்வை மறிச்சிருந்த கட்டையளும் இல்லை. அக்கா அதில ஏறி மேல போய், திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் கண்டு கனகாலம். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. சந்தோஷத்தில றோட்டு நடுவில போய் நிண்டு, கமராவைக் கண்ணில வைச்சு, வாய் நிறையத் தமிழில கத்தினன்.

"அக்கா, அப்பிடியே நில்லுங்கோ!"

ஊண்டுகோல் கல்லில விழுந்த சத்தம் கேட்டது. என்ர விரல் அதே நேரம் அமத்திப்போட்டுது. கமராவை இறக்கிப் பாக்கிறன், அக்கா சாய்வின்ர மேல தனிய நிக்கிறா, ரெண்டு கையும் மேல. பக்கத்தால போன சனம் திரும்பிப் பாத்துப்போட்டுப் போகுது. அவவும் அது நான் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் நிக்கிறா. தெரிஞ்சும் கை இறங்கேல்லை. நான் ஓடிப்போய் இடுப்பைச் சேத்துப் பிடிச்சு, "காணும் அக்கா, நான்தான், காணும்" எண்டு சொல்லி, ஒவ்வொரு கையாப் பிடிச்சு இறக்கினன்.

அந்தப் படம் இப்பவும் எங்கட வீட்டில இருக்கு. வெள்ளைத் தூண்கள், திறந்த றோட்டு, நடுவில ஊண்டுகோல் இல்லாமல் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு அக்கா. வெயில் பின்னுக்கு எண்டபடியா முகம் வடிவாத் தெரியாது. வீட்டுக்கு வாற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் கையில எடுத்துப் பாக்கினம்.

"உன்ர அக்காவுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்?" எண்டு என்னைக் கேட்பினம்.

நான் வாய் திறக்கமுதல் அக்கா சொல்லிப்போடுவா, "றோட்டுத் திறந்த சந்தோஷம்" எண்டு. நானும் ஓம் எண்டுவன்.